மேசைக்கு வராத புத்தகம்

வெண்ணந்தூர்,
3-2-1937

அன்புள்ள சௌந்திரத்துக்கு,

நீ குமாரபாளையத்துக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததாக வண்டிக்காரச் சடையன் வந்து சொன்னான். இங்கே கடலைக்காய் பிடுங்கி முடித்தாயிற்று. கறுப்பு எருமை கிடேரிக் கன்று போட்டிருக்கிறது.

இனி விஷயம். நம் வாசகசாலையின் நாற்பத்து மூன்றாம் எண் புத்தகத்தை இரண்டு நாளாகத் தேடுகிறோம். சேலத்து டாக்டரம்மா ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது ஒரு பெட்டிப் புத்தகம் கொடுத்தாரே, அதில் வந்த பிரசவப் புத்தகம். போன வாரம் தலைவர் கருப்பண்ணப் பெரியப்பா அதைப் பஞ்சாங்கம் என்று நினைத்து எடுத்துப் பிரித்துவிட்டார். படம் போட்ட பக்கமாகப் பார்த்துப் பிரிந்துகொண்டது. "ஆத்தா கோயிலுக்குள்ள வெக்கிற பொஸ்தகமாடா இது? நம்மூட்டுப் பொட்டப் புள்ளைங்க கையில சிக்குனா என்னாகறது?" என்று ஒரே சத்தம். கமிட்டியின் மற்ற நாலு பேரும் தலையை ஆட்டினார்கள்.

ஒரு புத்தகத்தை நீக்குவதென்றால் அதை மேசைமேல் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும் என்பது விதி. பார்க்காத புத்தகத்தைப் பற்றி யாரும் வாய்க்கு வந்ததைப் பேசக்கூடாது என்று நானே எழுதியது. சரியென்று அலமாரியில் தேடினால் புத்தகம் இல்லை. பதிவேட்டைப் புரட்டினால் கடைசி வரியில் உன் கையெழுத்து. "43. சௌந்திரம், செயலாளர் வீடு." மூன்று வருஷத்தில் அந்த நோட்டில் ஏறிய முதல் பெண் பெயர். கமிட்டியார் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

மாசிப் பௌர்ணமியன்று கூட்டம். சனிக்கிழமை சடையன் அந்தப் பக்கம் சந்தைக்கு வருவான், அவனிடம் கொடுத்தனுப்பவும். வாசகசாலை இருப்பது மாரியம்மன் கோயில் அறையில். சாவி இருப்பது பெரியப்பா இடுப்பில். அவர் மனம் வைத்தால் நூற்றுப் பன்னிரண்டு புத்தகமும் நம் மாட்டுக் கொட்டகைக்குத்தான் வரும்.

இப்படிக்கு,
சின்னண்ணன்,
செயலாளர்.


குமாரபாளையம்,
8-2-1937

என் மாமாவுக்குச் சௌந்திரம் எழுதிக்கொண்டது.

எருமையை நான் விசாரித்ததாகச் சொல்லவும். அதற்குக் கமிட்டி இல்லை, மேசை இல்லை, நினைத்த இடத்தில் கன்று போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறது.

பெண்டாட்டிக்கு எழுதும் கடிதத்தில் யாராவது செயலாளர் என்று கையெழுத்துப் போடுவார்களா? முதலில் சிரிப்புத்தான் வந்தது. மறுபடி படித்தபோது வரவில்லை. ஒன்பதாவது மாதம் நடக்கிறவளுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை. கடிதத்தில் எருமைக்குக் கூட இடம் இருக்கிறது.

புத்தகத்தை நான் களவாடிக்கொண்டு வரவில்லை. முறையாக எழுதி வைத்துவிட்டுத்தான் எடுத்தேன். வெளியூரில் இருப்பவர் தபால் போட்டுத் தவணையை நீட்டிக்கொள்ளலாம் என்று நீங்கள் ஒரு விதி எழுதியிருக்கிறீர்கள். இதுதான் அந்தத் தபால். பதினாலு நாள் நீட்டிக்கவும்.

எதற்காக எடுத்தாய் என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். முந்தின வருஷம் இதே வீட்டில் இதே அறையில் பிறந்தவன் ஏழாம் நாள் தாடை இறுகி நம்மை விட்டுப் போனான். மடியில் போட்டுப் பால் கொடுத்தால் வாய் திறக்கவில்லை. பட்சி தோஷம் என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். மாமா, இந்தப் புத்தகத்தின் அறுபத்திரண்டாம் பக்கத்தில் அது அப்படியே எழுதியிருக்கிறது. ஏழாம் நாள், தாடை, எல்லாம். அதற்குக் காரணம் பறவையின் நிழல் இல்லையாம். தொப்புள்கொடியை அறுத்த இரும்பும் அதன்மேல் வைத்த சாம்பலும்தானாம். இரும்பைக் கால் மணி நேரம் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தால் போதுமாம்.

கால் மணி நேரம், மாமா. அவ்வளவுதான்.

இந்தப் பிள்ளை ஏழாம் நாளைத் தாண்டட்டும். அதுவரை புத்தகத்தை அனுப்ப மாட்டேன். பெரியப்பா சாவியைப் பிடுங்கினால் பிடுங்கட்டும்.

உறைமேல் உங்கள் பெயரை எழுத எனக்குக் கை வராது என்று உங்களுக்குத் தெரியும். எழுதிக்கொடுக்க ஆளும் இல்லை. அதனால் "செயலாளர், வாசகசாலை, வெண்ணந்தூர்" என்றே எழுதியிருக்கிறேன். உங்களுக்கும் அந்தப் பெயர்தானே பிடித்திருக்கிறது.

சௌந்திரம்.


கார்டு
வெண்ணந்தூர், 11-2-1937

சௌந்திரத்துக்கு. கடிதம் கிடைத்தது. செயலாளர் பெயருக்கு வாசகசாலைக்கு வரும் தபாலைத் தலைவர் பிரித்துப் பார்த்த பிறகுதான் என்னிடம் தருவார். அதுவும் விதி. நல்லவேளையாகத் தபால்காரர் என்னை வழியில் பார்த்துக் கையில் கொடுத்துவிட்டார். இனிமேல் என் பெயருக்கே எழுதச் சொல். உங்கள் பக்கத்துத் தெரு வாத்தியார் சுவாமிநாதன் எழுதிக்கொடுப்பார். தவணை நீட்டித்திருக்கிறேன். ஆனால் பௌர்ணமிக்குப் புத்தகம் வந்தாக வேண்டும். மற்றதைக் கார்டில் எழுத முடியாது. உடம்பைப் பார்த்துக்கொள்.

சின்னண்ணன்.


குமாரபாளையம்,
15-2-1937

என் மாமாவுக்கு,

உங்கள் கார்டை அம்மாவுக்குத் தபால்காரர்தான் படித்துக் காட்டினார். "மற்றதைக் கார்டில் எழுத முடியாது" என்ற வரியை மட்டும் இரண்டு தரம் படித்தாராம். அப்படி என்ன எழுத முடியாத சங்கதி என்று தெருவே யோசித்துக்கொண்டிருக்கிறது. இந்த உறையில் வாத்தியார் கையால் உங்கள் பெயர் இருக்கிறது, திருப்திதானே?

எனக்குப் புத்தகக் கவலை போய் இப்போது அதைவிடப் பெரிய கவலை வந்துவிட்டது. மருத்துவச்சி பெருமாயி வருவதை நிறுத்திவிட்டாள். என்னையும் அவள்தான் கையில் வாங்கினாள், போன பிள்ளையையும் அவள்தான் வாங்கினாள். போன வாரம் புத்தகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துக் காட்டினேன். "ஏஞ்சாமி, இத்தன புள்ளைய வாங்குன கைக்குப் பொஸ்தகம் வந்து புத்தி சொல்லோணுமா?" என்று சிரித்தாள். படத்தைக் காட்டியபோது, "இந்தக் கை தப்புங்க சாமி. இப்பிடிப் புடிச்சாப் புள்ள வழுக்கிப் போயிரும், தலைக்கடியில கை குடுக்கோணும்" என்றாள். அதை ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன். புத்தகத்தில் எழுதக்கூடாது என்று விதி இருப்பது தெரியும். பிறகு திட்டுங்கள்.

அதன்பின் அறுபத்திரண்டாம் பக்கத்தைப் படித்தேன். எனக்கே மனமில்லை. ஆனால் படிக்காவிட்டால் அவள் தண்ணீர் கொதிக்க வைக்க மாட்டாள். இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். படித்தேன். "அப்ப அந்தப் புள்ள என்ற கையாலதான் போச்சுங்களா?" என்று கேட்டாள்.

வெற்றிலைப் பையை முடிந்துகொண்டு எழுந்து போனவள்தான். நாலு நாளாயிற்று. ஆள் அனுப்பினால் வீட்டில் இல்லை என்கிறார்கள். அம்மா என்னை வறுத்தெடுக்கிறாள். "அவ வராமப் போனா ஆரு புள்ளைய வாங்கறது? உன்ற பொஸ்தகமா எந்திரிச்சு வந்து வாங்கும்?"

பயமாக இருக்கிறது, மாமா. என்ன செய்யட்டும் என்று சொல்லுங்கள். செயலாளர் சொல்ல வேண்டாம். நீங்கள் சொல்லுங்கள்.

சௌந்திரம்.


வெண்ணந்தூர்,
18-2-1937

என் சௌந்திரத்துக்கு,

இதைச் சடையன் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். தபாலை நம்பி உட்கார முடியவில்லை.

உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். அந்த அறுபத்திரண்டாம் பக்கத்தை நான் போன தீபாவளிக்கு முன்பே படித்துவிட்டேன். புத்தகங்களுக்கு எண் போடும்போது கண்ணில் பட்டது. உன்னிடம் சொன்னால் ஆறிவருகிற மனம் மறுபடி கிளறிப்போகும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, எண் போட்டு அலமாரியில் வைத்துவிட்டேன். அது கோழைத்தனம். நீ அதே பக்கத்தைத் தேடிப் பிடித்து, நோட்டில் பெயரும் எழுதிவைத்துவிட்டு எடுத்துக்கொண்டு போயிருக்கிறாய். அப்படிப்பட்ட உன்னிடம் போய்ப் புத்தகத்தைத் திருப்பி அனுப்பு என்று இரண்டு தரம் எழுதினேன். என்னை மன்னித்துக்கொள்.

பெருமாயியிடம் அத்தையை நேரில் போகச் சொல். நான் சொன்னதாக இதைச் சொல்லட்டும். அன்றைக்கு அங்கே வந்திருந்தபோது அரிவாளை உங்கள் கொட்டகைச் சுவரிலிருந்து எடுத்துக் கொடுத்தவன் நான். சாம்பலை அடுப்பிலிருந்து அள்ளிக் கொடுத்தது அத்தை. பெருமாயி கை மட்டும் எப்படிப் பொறுப்பாகும்? அவளுக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தவன் நான்தான். கோபப்படுவதானால் என்மேல் கோபப்படட்டும், வந்து பிள்ளையை வாங்கிக் கொடுக்கட்டும்.

சடையனிடம் ஒரு புதுக் கத்தரிக்கோல் இருக்கிறது. ராசிபுரம் போய் வாங்கினேன். அதை அவள் கையில் கொடுக்கச் சொல்.

பௌர்ணமிக் கூட்டத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். புத்தகம் உன் தலைமாட்டிலேயே இருக்கட்டும். உடம்பு எப்படி இருக்கிறது? இதை முதல் கடிதத்திலேயே கேட்டிருக்க வேண்டும்.

உன்
சின்னண்ணன்.


வெண்ணந்தூர்,
26-2-1937

என் சௌந்திரத்துக்கு,

திங்கட்கிழமை சாயங்காலம் சடையன் கற்கண்டுப் பொட்டலத்தோடு வரப்பில் ஓடிவந்தான். ஓட்டத்தைப் பார்த்து முதலில் பயந்துவிட்டேன். "பொட்டப் புள்ளைங்க! தாயும் புள்ளையும் சுகமுங்க!" என்று தூரத்திலிருந்தே கத்தினான். மண்வெட்டியை எங்கே போட்டேன் என்று இன்னும் தெரியவில்லை. பெருமாயி வந்தாள் என்றும் சொன்னான். அவளுக்கு நான் ஆயுசுக்கும் கடமைப்பட்டவன்.

நேற்றைய கூட்டத்தை உனக்குச் சொல்லியாக வேண்டும். பிள்ளை பிறந்த தீட்டு எனக்கும் உண்டல்லவா, பதினாறு நாள் கோயில் படி ஏறக்கூடாது. படிக்குக் கீழே நின்றபடியே செயலாளர் வேலை பார்த்தேன். பெரியப்பா மேசையைத் தட்டி, "எங்கடா அந்தப் பொஸ்தகம்?" என்றார்.

"பிரசவ ரூம்புல இருக்குதுங்க பெரியப்பா. சௌந்திரத்துத் தலைமாட்டுல."

மேசைமேல் இருந்த கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார். "தீட்டுப்பட்ட பொருள ஆத்தா சன்னிதிக்குக் கொண்டாரச் சொல்லறயா?"

"நான் சொல்லலீங்க. நீங்கதானுங்க கொண்டாரச் சொன்னீங்க."

அப்புறம் ஒரு மணி நேரம் அதே பேச்சுத்தான். பித்தளையைப் புளி போட்டுத் துலக்கலாம், துணியை வெளுக்கப் போடலாம், வீட்டைச் சாணி போட்டு மெழுகலாம். புத்தகத்தை என்ன செய்வது? மஞ்சள் தண்ணீர் தெளிக்கலாம் என்றார் ஒருவர். ஆற்றில் ஒரு முழுக்குப் போட்டு எடுக்கலாம் என்றார் இன்னொருவர். ஊறிப்போன புத்தகத்தை மேசைமேல் வைத்து எதைப் பார்த்துப் பேசுவது என்று நான் கீழேயிருந்து கேட்டேன். மேசைக்கு வராமல் தீர்மானம் இல்லை. சுத்தமாகாமல் மேசைக்கு வர வழியில்லை. கடைசியில் பெரியப்பா, "புத்தகம் சுத்தமாகும் வரை விஷயம் ஒத்திவைக்கப்படுகிறது" என்று எழுதச் சொன்னார். நான் படிக்குக் கீழே முழங்காலில் நோட்டை வைத்து எழுதினேன். சிரிப்பது தெரியாமலிருக்கத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

இன்றைக்கு ஐந்தாம் நாள். நாளை மறுநாள் தாண்டும் வரை எனக்குச் சோறு இறங்காது. தாண்டியதும் எழுது.

சின்னண்ணன்.


குமாரபாளையம்,
3-3-1937

என் மாமாவுக்கு,

இன்றைக்குப் பத்தாம் நாள். முதலில் இந்த வரியைப் படித்துவிட்டு மூச்சு விடுங்கள். பிறகு மற்றதைப் படிக்கலாம்.

நீங்கள் சொல்லியனுப்பியதை அம்மா போய்ச் சொன்னபோது பெருமாயி கத்தரிக்கோலை மட்டும் வாங்கி மடியில் கட்டிக்கொண்டாளாம். திங்கட்கிழமை விடியும்போது எனக்கு வலி கண்டது. ஆள் அனுப்பும் முன்பே வாசலில் நின்றாள். உள்ளே வந்ததும், "தண்ணி கொதிக்குதா?" என்றுதான் கேட்டாள். முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினாள். புத்தகத்தை விரித்துத் தன் பக்கத்தில் வைக்கச் சொன்னாள். "உனக்குத்தான் படிக்கத் தெரியாதே" என்று அம்மா கேட்டதற்கு, "அது பாட்டுக்கு இருக்கட்டுங்க, தைரியமா இருக்கும்" என்றாள். கொடியை அறுத்த பிறகு தன் ஈரக் கையாலேயே புத்தகத்தை மூடினாள். அறுபத்திரண்டாம் பக்கத்தில் அவள் கட்டைவிரல் அடையாளம் சிவப்பாகப் பதிந்திருக்கிறது. சாம்பலை எடுத்துவந்த அம்மாவைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டாள்.

ஏழாம் நாள் நான் குழந்தையைக் கீழே விடவில்லை. ஒவ்வொரு தரமும் பால் கொடுக்கும் முன்பு வாய் திறக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தேன். போனவனுக்குப் பெயர் வைக்கக்கூட நாள் வரவில்லையே என்று அதே நினைப்பாக இருந்தது. சாயங்காலம் இவள் வாயைப் பெரிதாகத் திறந்து, சந்தைக்கே கேட்கும்படி அழுதாள். நானும் அழுதேன், அம்மாவும் அழுதாள். பெருமாயி மட்டும் அழவில்லை. பால் குடிப்பதைக் குனிந்து பார்த்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் சேத்துக் குடிக்குது பாரு சாமி" என்றாள்.

இதைத் தெரிந்துகொள்ளாமல் இன்னும் எத்தனை வீட்டில் எத்தனை பேர் ஏழாம் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறார்களோ. அதை நினைத்தால்தான் ஆற்றாமையாக இருக்கிறது.

தீட்டு வீட்டுக்கு வாத்தியார் வர மாட்டார். அதனால் இந்த உறைமேல் மறுபடியும் செயலாளர்தான்.

சௌந்திரம்.


வெண்ணந்தூர்,
14-3-1937

என் சௌந்திரத்துக்கு,

பிள்ளைக்குப் பெயர் வைத்துவிட்டு ஊர் வந்ததிலிருந்து கை காலியாக இருப்பது போல் இருக்கிறது. பொன்னாத்தாள் என் விரலைப் பிடித்த பிடி இன்னும் வலிக்கிறது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

நீ மூன்றாம் தேதி எழுதிய கடிதம் எனக்கு நேற்றுத்தான் கிடைத்தது. யார் கொடுத்தார் தெரியுமா? பெரியப்பா. நான் படி ஏறக்கூடாத நாளில் அது வாசகசாலைக்கு வந்திருக்கிறது. விதிப்படி பிரித்துவிட்டார். ஒரு வாரமாக வைத்துக்கொண்டிருந்தவர், நேற்றுக் கிணற்றடிக்கு வந்து கொடுத்தார். "செயலாளருக்குன்னு போட்டிருந்துச்சு. பிரிச்சுட்டன்" என்றார். அப்புறம் கிணற்றுக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார். என் பெரியம்மாவுக்கும் அந்தக் காலத்தில் மூன்று பிள்ளைகள் ஏழாம் நாளில்தான் போயின. அவர் அதைச் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"ராசாத்தி வந்திருக்கறா" என்றார். அவர் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், பங்குனிக் கடைசியில் நாள். "ஏன்டா, தீட்டுப் பொருளத் தீட்டூட்டுக்குக் கொண்டு போனாத் தப்பா?"

"விதியில ஒண்ணும் இல்லீங்க பெரியப்பா."

"அப்பக் கொண்டாரச் சொல்லு. கோயில் பக்கம் வேண்டாம். எங்கூட்டுப் பின்கதவு வழியா வரட்டும். உள்ளூர் மருத்துவச்சிக்கு உன்ற சம்சாரம் எழுதுன மாதரயே ஆராச்சும் படிச்சுச் சொல்லோணும்." நாலடி போய்த் திரும்பி, "நான் அந்தப் படத்தப் பாக்க மாட்டன்" என்றார்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். உறைமேல் பெயர் எழுத நிஜமாகவே ஆள் கிடைக்கவில்லையா?

சின்னண்ணன்.


குமாரபாளையம்,
19-3-1937

என் மாமாவுக்கு,

கட்டிய புருஷன் பெயரை எந்தப் பெண் கை எழுதும்? கேட்கிற கேள்வியைப் பாருங்கள். தபால்காரர் தீட்டுப் பார்க்காமல் வாசல்வரைக்கும் வருகிறவர்தான், எழுதவும் தெரிந்தவர்தான். அன்றைக்குப் பார்த்து அது எனக்கு ஞாபகம் வரவில்லை. பிள்ளை பெற்றவளுக்கு மறதி சகஜம் என்று புத்தகத்திலேயே போட்டிருக்கிறது.

சடையன் கையில் புத்தகம் வருகிறது. பொன்னாத்தாளைச் சுற்றியிருந்த வெள்ளைத் துணியில்தான் கட்டியிருக்கிறேன், தீட்டுக்குக் குறைச்சல் வரக்கூடாது பாருங்கள். பெருமாயி சொன்னதெல்லாம் பென்சிலில் ஓரத்தில் இருக்கிறது. உங்கள் ஊர் மருத்துவச்சியிடம் கோபமாகச் சொல்ல வேண்டாம் என்று அவள் முக்கியமாகச் சொல்லச் சொன்னாள். "நெதானமாச் சொல்லுங்க சாமி, கேக்கறதுக்கே நெஞ்சு வேணும்" என்றாள்.

ராசாத்திக்கு நீங்களே படித்துக் காட்டுங்கள். வெட்கப்படாமல் படியுங்கள்.

சௌந்திரம்.


வெண்ணந்தூர்,
22-4-1937

என் சௌந்திரத்துக்கு,

ராசாத்திக்கு மகன். நேற்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது. பெரியப்பா ஏழாம் நாள் முழுக்கப் பின்கதவிலேயே நின்றார். பேரன் அழும் சத்தம் கேட்கக் கேட்க, "இன்னொரு தடவ அழச் சொல்லு" என்றாராம்.

நான்தான் படித்தேன். கதவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் ராசாத்தியும் பெரியம்மாவும் மருத்துவச்சியும். முதல் நாள் நிறுத்தி நிறுத்திப் படித்தேன். மூன்றாம் நாள் அவர்கள் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். நான்காம் நாள் பக்கத்து வீட்டிலிருந்தும் பெண்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

புத்தகம் அங்கிருந்து அங்கமுத்து வீட்டுக்குப் போகிறது. அதற்கடுத்து இரண்டு வீட்டில் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஒரு பிள்ளை பெற்ற வீட்டிலிருந்து இன்னொரு பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தால் அது எப்போது சுத்தமாவது? கூட்டம் தொடங்கியதும் பெரியப்பா முதல் காரியமாக, "நாப்பத்து மூணு இன்னும் சுத்தமாகலையில்ல?" என்று கேட்கிறார். இல்லை என்கிறேன். "சரி, அடுத்ததப் படி" என்கிறார். சாவி இப்போது என்னிடம்தான் இருக்கிறது.

வாசகசாலைக்குள் வராத புத்தகத்தை வாசகசாலைப் பதிவேட்டில் எழுதுவது முறையில்லை. அதற்கென்று தனியாக ஒரு நோட்டு தைத்து வீட்டில் வைத்திருக்கிறேன். வாங்கியவர் பெயரை எழுதினால் பெண்கள் கூச்சப்படுகிறார்கள். அதனால் பிறந்த பிள்ளையின் பெயரையே எழுதுகிறேன். திருப்பிக் கொடுக்கும் தேதிக்குப் பதிலாக ஏழாம் நாள் தாண்டிய தேதி. இரண்டாவது வரியில் பொன்னாத்தாள் இருக்கிறாள். மூன்றாவது ராசாத்தி மகன்.

முதல் வரியை எழுதாமல் விட்டிருக்கிறேன். நீ வந்த பிறகு நாம் இருவரும் சேர்ந்து, நம்மை விட்டுப் போனவனுக்கு ஒரு பெயர் யோசித்து, நீயே உன் கையால் அதில் எழுது.

அடுத்த வெள்ளிக்கிழமை வண்டி கட்டிக்கொண்டு வருகிறேன். தயாராக இரு.

சின்னண்ணன்.